ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை: நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது?

‘ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வருகிறது, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை’ என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும். மறுநாள் காலையில் என் பட்டறைக்கு ரெண்டு மூணு பையன்களாவது வந்து நிற்பார்கள். “அண்ணாச்சி, அப்ளிகேஷன் எங்க கிடைக்கும்?” அப்ளிகேஷன் இன்னும் அச்சாகியே இருக்காது. பல நேரம் நிலத்தைக்கூட அளந்திருக்க மாட்டார்கள்.

நான் திருநெல்வேலி பேட்டையில் டர்னர் (லேத்தில் கடைபவர்) படித்து, வெளியூர் மெஷின் ஷாப்புகளில் பதினோரு வருடம் நின்று, இப்போது ஊரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவன். வருகிற பையன்களிடம் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். பத்தாவது முடித்தவர், ஐ.டி.ஐ படிப்பவர், டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர் என்று யாரானாலும் தங்கள் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

செய்தியில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது

முதலில் அந்த ஆயிரக்கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 2022ல் தமிழக அரசு வெளியிட்ட விண்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கையில், பத்து வருடத்தில் 75,000 கோடி ரூபாய் முதலீடும் ஒரு லட்சம் வேலையும் இலக்கு என்று இருக்கிறது. அந்த லட்சம், நேரடி வேலையும் மறைமுக வேலையும் சேர்ந்த கணக்கு. ஆலைக்குள் மெஷினில் நிற்பவரும் அதில் உண்டு. ஆலைக்கு போல்ட் செய்து கொடுக்கும் பட்டறையில் நிற்பவரும், கேன்டீனில் சாம்பார் ஊற்றுபவரும், ஷிப்டு பஸ் ஓட்டுபவரும் உண்டு. எதையும் நான் மட்டம் தட்டவில்லை. ‘இரண்டாயிரம் வேலை’ என்றால் இரண்டாயிரம் டெக்னீஷியன் இல்லை என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

இன்னொன்று, எல்லா வேலையும் ஒரே நாளில் வராது. அடிக்கல் நாட்டியதும் வருவது கட்டட வேலை: கம்பி கட்டுவது, ஜேசிபி, ஒயரிங், பெயிண்டிங். இது முழுக்கக் கான்ட்ராக்டர் கையில். அப்புறம் மெஷின் இறக்கி நிறுத்துகிற காலம் வரும். அப்போது அனுபவமுள்ள ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் நல்ல சம்பளம். அதன்பிறகுதான் உற்பத்திக்கு ஆள் எடுப்பார்கள். அதிலும் முதல் தொகுதியில் பாதிப் பேர் வேறு ஆலைகளில் இருந்து வரும் பழைய ஆட்கள். புதுப் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் அப்ரண்டிஸ் (உதவித்தொகையோடு ஆலையிலேயே வேலை பழகும் பயிற்சி) வழியாக.

ராணுவத் தளவாடத்தில் இந்த இழுவை இன்னும் அதிகம். பைக் கம்பெனி என்றால் வண்டி செய்து ஷோரூமில் நிறுத்தலாம். இங்கே வாங்குவது பெரும்பாலும் ஒரே ஆள், அரசாங்கம். மாதிரி செய்ய வேண்டும், பாலைவனத்திலும் பனியிலும் அது சோதனையில் தேற வேண்டும், ஆர்டர் கையெழுத்தாக வேண்டும். அதுவரை ஆலை பாதிக் கூட்டத்தோடுதான் ஓடும். ஆக, செய்தி வந்த நாளுக்கும் உங்கள் வேலைக்கும் நடுவே இரண்டு மூன்று வருடம் இருக்கலாம். ஒரு ஐ.டி.ஐ படிப்பும் ஒரு அப்ரண்டிஸ் பயிற்சியும் முடிக்க அந்த இடைவெளி சரியாக இருக்கும். செய்தியைப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிறவனுக்கும் அன்றைக்கே அட்மிஷன் போடுகிறவனுக்கும் வித்தியாசம் அங்கேதான் விழுகிறது.

எந்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும்

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. திருநெல்வேலி அதில் இல்லை. அரசுத் தரப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளும் வடக்கேதான்: ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, அங்கேயே என்ஜின் தொழிற்சாலை, சீருடை தைக்கும் தொழிற்சாலை, திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, கூடவே ‘ஹேப்’ என்று சொல்லும் கன உலோக ஆலை, குன்னூர் பக்கம் அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை. 2021 அக்டோபர் 1 முதல் இவை உட்பட நாட்டின் அரசுத் தளவாட ஆலைகளெல்லாம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டன. எனவே அதற்கு முன் இவற்றை நடத்திய பழைய தளவாடத் தொழிற்சாலை வாரியத்தின் பெயரில் யாராவது ‘ஆர்டர்’ காட்டினால் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

ஊரைவிட்டுப் போக மனசில்லாதவர்களுக்கு, கைப் பழக்கம் தரக்கூடிய இடங்கள் பக்கத்திலேயே உண்டு. காவல்கிணறு தாண்டி மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம். இரண்டிலும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் தகடு, டயர் என்று பெரிய ஆலைகள் இருக்கின்றன. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இவை ராணுவ ஆலைகள் இல்லை. ஆனால் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வருடம் வேலை பழகியவன் என்றால் எந்தத் தளவாட ஆலையிலும் இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

படிப்பு: எந்த டிரேடு?

‘எது கிடைக்கிறதோ அதை எடு’ என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தளவாட வேலைதான் குறி என்றால் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், வெல்டர் ஆகிய ஐந்தில் ஒன்றை எடுங்கள். வெல்டர் ஒரு வருடம், மற்ற நான்கும் இரண்டு வருடம். வெல்டருக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும். வெடிமருந்து ஆலை என்றால் கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர் என்று ஒரு டிரேடு உண்டு. அது எல்லா ஐ.டி.ஐ-யிலும் கிடைக்காது; கிடைத்தால் போட்டி குறைவு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்து, இப்போது தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு மதினி எங்கள் தெருவிலேயே உண்டு. கேபிள் கட்டுவது, சர்க்யூட் பலகையில் சால்டர் வைப்பது, அளவு பார்ப்பது மாதிரி வேலைகளில் பெண்களை விரும்பி எடுக்கிறார்கள்.

71 அரசு ஐ.டி.ஐ-களில் டாட்டா டெக்னாலஜீஸ் கூட்டில் சி.என்.சி (கம்ப்யூட்டர் வழி ஓடும் மெஷின்), ரோபோ எல்லாம் கொண்ட புதுக் கூடங்கள் அமைத்திருக்கிறார்கள். சேரப்போகும் ஐ.டி.ஐ-யில் அது இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இருந்தால், மெஷின் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அப்ரண்டிஸ்: இதுதான் வாசல்

முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எதுவானாலும், மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தாக வேண்டும். 1961ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த விதி இது. அதனால் ‘எங்களுக்கு ஆள் வேண்டாம்’ என்கிற கம்பெனிக்கும் அப்ரண்டிஸ் வேண்டும். ஐ.டி.ஐ முடித்தவர்கள் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிய வேண்டும். டிப்ளமோ, பி.இ முடித்தவர்களுக்கு நாட்ஸ் என்று வேறு தளம். நிறையப் பேர் ஒன்றில் பதிந்துவிட்டு மற்றதில் அறிவிப்பு வருவதைக் கோட்டைவிடுகிறார்கள். கம்பெனி தன் பெயரில் வாய்ப்பைத் திறக்கும்போது நீங்கள் அதற்குள் போய் விண்ணப்பிக்க வேண்டும். பதிந்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வரும். பேச்சில் என்.ஏ.சி. அதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. வெடிபொருள் ஆலைகளில் ‘டேஞ்சர் பில்டிங் ஒர்க்கர்’ என்று ஒரு பதவி. அந்த ஆலைகள் ஆள் எடுக்கும்போது, தங்கள் குழுமத்து ஆலையிலேயே கெமிக்கல் பிளான்ட் டிரேடில் அப்ரண்டிஸ் முடித்தவர்களைத்தான் தேடுகின்றன. மேலே சொன்னது இதற்காகத்தான். 2025ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1,850 ஜூனியர் டெக்னீஷியன்களுக்கு அறிவிப்பு விட்டபோதும் கேட்ட தகுதிச் சான்றுகளில் ஐ.டி.ஐ சான்றோடு இந்த என்.ஏ.சி-யும் இருந்தது.

அப்ரண்டிஸ் காலத்து உதவித்தொகை வீட்டுக்கு அனுப்பக் காணாது. அறை வாடகை, சாப்பாடு போக டீக்குத்தான் மிஞ்சும். ‘டெலிவரி வேலைக்குப் போனா இதைவிட ரெண்டு மடங்கு வருமே’ என்று பையன்கள் கேட்கிறார்கள். வரும்தான். வீட்டில் கடன் கழுத்தைப் பிடித்தால் போய்த்தான் ஆக வேண்டும், அதைக் குற்றம் சொல்ல நான் யார்? ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வழி இருந்தால் மட்டும் இதை விடாதீர்கள்.

தாள்கள்

வேலை தெரிந்த பிள்ளைகள் தோற்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலாவது, பெயர். நம்ம பக்கம் இசக்கிமுத்துகளுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தாவது மார்க் ஷீட்டில் பெயர் ஆங்கில ‘ஈ’யில் தொடங்கும், ஆதாரில் ‘ஐ’யில் தொடங்கும், ஐ.டி.ஐ சான்றில் இரண்டு ‘எஸ்’ இருக்கும். ஒன்றில் அப்பா பெயர் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக முன்னால் நிற்கும். தனியார் கம்பெனி இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். தளவாட ஆலையில் போலீஸ் விசாரணை வரை போகும் தாள் என்பதால் விடமாட்டார்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அதை மூலமாக வைத்து ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். ஐ.டி.ஐ-யில் சேரும் அன்றே எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கொடுங்கள். முடித்த பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.

இரண்டாவது, சாதிச் சான்று. நம்மிடம் இருப்பது மாநில அரசின் பி.சி அல்லது எம்.பி.சி சான்று. ஆவடியும் திருச்சியும் மத்திய அரசு நிறுவனங்கள். அங்கே கேட்பது மத்திய அரசு படிவத்தில் உள்ள ஓ.பி.சி சான்று, ‘கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லை’ என்ற குறிப்போடு. இரண்டும் வேறு வேறு. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது ‘மத்திய அரசு வேலைக்கு’ என்று அழுத்திச் சொல்லுங்கள். எட்டு லட்சம் ரூபாய் வருமான வரம்பு உண்டு. பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அந்த வருமானக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை; அதையும் முன்கூட்டியே பாருங்கள். எந்தத் தேதிக்குப் பின் வாங்கிய சான்று செல்லும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். கடைசி வாரம் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

மூன்றாவது, போலீஸ் சரிபார்ப்பு. கோயில் கொடையில் நடந்த கைகலப்பில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெயர் சேர்ந்த வழக்குகூட இங்கே எட்டிப் பார்க்கும். வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். படிவத்தில் கேட்டிருக்கும் இடத்தில் உள்ளதை எழுதி, முடிந்திருந்தால் தீர்ப்பு நகலை இணையுங்கள். மறைத்தது தெரிந்தால், வழக்கைவிட மறைத்ததற்காகவே வெளியே அனுப்புவார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாளோடு படம் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன்.

எனக்கு நடந்தது ஒன்று. வெளியூரில் ஒரு கம்பெனியில் தேர்வாகி, சரிபார்ப்புக்கு ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்துவிட்டேன். போலீஸ்காரர் வந்தபோது ஹாஸ்டலில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. தாள் திரும்பி, மறுபடி ஊர் முகவரிக்கு வந்து சேர இரண்டு மாதம். அதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் நின்றுவிட்டான். உங்களைத் தெரிந்த அக்கம்பக்கம் உள்ள முகவரியைக் கொடுங்கள்.

டிரேடு டெஸ்ட்

எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் கிடைக்கும். டிரேடு டெஸ்ட் என்கிற செய்முறைத் தேர்வுக்குக் கைதான்.

ஃபிட்டர் என்றால் பெரும்பாலும் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அளவுக்கு அராவச் சொல்வார்கள். ஹாக்சா, அரம், ட்ரை ஸ்கொயர் (மூலைமட்டம்). ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடையில் கீற்று வெளிச்சம் கசியக் கூடாது. யூடியூபில் நூறு தடவை பார்த்தாலும் இது வராது. தெரிந்த பட்டறையில் கெஞ்சியாவது ஒரு மாதம் வைஸ் முன்னால் நில்லுங்கள். பேட்டை தொழிற்பேட்டையில் கூட்டிப் பெருக்கத் தயார் என்றால் சேர்த்துக்கொள்ளும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன.

டர்னருக்கு ஸ்டெப் டர்னிங், டேப்பர், மரை. என் முதல் டெஸ்டில் ஜாப் (கடைந்த துண்டு) நன்றாகத்தான் வந்தது. மைக்ரோமீட்டரில் ஸீரோ எரர் (மூடியிருக்கும்போது பூஜ்யம் காட்டாத பிழை) பார்க்காமல் அளந்துவிட்டேன். நான் 25.00 என்று எழுதியது அவர்கள் அளந்தபோது 24.96. கேட்டிருந்தது கூடக்குறைய 0.02க்குள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை, அன்றிலிருந்து அளவுக் கருவியைக் கையில் எடுத்தால் முதலில் மூடிப் பூஜ்யம் பார்க்காமல் இருப்பதில்லை. வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கிற அளவுக்குப் பழகிவிடுங்கள். டிராயிங் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

தளவாட வேலையில் இன்னொரு குணம் கேட்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அது எந்த உருக்கிலிருந்து வந்தது, யார் கடைந்தது, யார் அளந்தது என்று பதிவு இருக்கும். தப்பு எழுதினால் ஒயிட்னர் பூசக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியாக எழுதி, கையெழுத்து போட வேண்டும். கெட்டுப்போன ஜாபைக் குப்பையில் ஒளிப்பவனுக்கு அங்கே இடமில்லை. கெடுத்துவிட்டேன் என்று வந்து சொல்பவனை ஒரு ஏச்சோடு விட்டுவிடுவார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

‘அரசு ஆலை’ என்றதும் வீட்டில் நிரந்தர வேலை என்று இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன ஆவடி அறிவிப்பில் இருந்ததே ஒப்பந்த வேலைதான். ஒப்பந்தம் எத்தனை மாதம், நீட்டிப்பு உண்டா, எத்தனை வருடத்துக்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள் என்று படியுங்கள். தனியார் ஆலை என்றால் நீங்கள் ஆலையின் ஆளா, கான்ட்ராக்டரின் ஆளா என்று கேளுங்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் பதில். பி.எஃப் பிடிக்கிறார்கள் என்றால் மூன்றாவது மாதம் பாஸ்புக்கைப் போனில் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் போன கான்ட்ராக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் புரோக்கர். ‘உள்ளே ஆள் இருக்கு, மூணு லட்சம் கொடுத்தா முடிச்சிரலாம்’ என்பவர் கல்யாண வீட்டிலும் வருவார், டீக்கடையிலும் வருவார். தோட்டத்தை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்கள் நம் பக்கம் குறைவில்லை. அப்ரண்டிஸுக்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. அரசு நிறுவனத்தின் அறிவிப்பு அதன் சொந்தத் தளத்தில் இருக்கும். கட்டணம் இருந்தால் அந்தத் தளத்திலேயே கட்டச் சொல்வார்கள், தனியாள் ஜிபே எண்ணுக்கு அல்ல.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நேராக ராணுவ ஆலைக்கு சப்ளை செய்யலாம் என்று தொடங்காதீர்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை முடித்துவிட்டு, கோவையிலோ திருச்சி துவாக்குடியிலோ ஏற்கெனவே சப்ளை செய்பவரிடம் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) வாங்குங்கள். தர ஆவணம் எழுதும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் எந்தெந்தப் பாகங்களை இங்கேயே செய்யத் தேடுகிறார்கள் என்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் தளத்தில் இருக்கிறது. பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். பணம் வரத் தாமதமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். சிறு தொழிலுக்கு 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று யாரும் கேட்பதில்லை, நான் உட்பட.

கூப்பிட்டுவிட்டார்கள் என்றால்

ஆவடி என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் இறங்கி, சென்ட்ரல் போய், புறநகர் ரயில். திருச்சி என்றால் இன்டர்சிட்டி இருக்கிறது. முதல் நாளே போய்விடுங்கள். அன்று காலை போய் இறங்கிக் கை நடுங்க அரம் பிடிக்க வேண்டாம். அசல் சான்றிதழ், இரண்டு செட் நகல், பாஸ்போர்ட் அளவு படம் எட்டு. மூக்குக் கண்ணாடி போடுபவர் புதுப் பவர் பார்த்துவிட்டுப் போங்கள். நிறம் பிரித்துப் பார்க்கிற சோதனையும் இருக்கலாம். போனைப் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் வீட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உள்ளே படம் எடுப்பது, பார்த்ததை வெளியே சொல்வது இரண்டும் 1923ஆம் வருட அரசு ரகசியச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். வெடிமருந்து ஆலை என்றால் தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் பையில் இருக்கக் கூடாது. முந்தின நாள் ராத்திரி சட்டைப் பையை ஒரு தடவை உதறிப் பாருங்கள்.